மெய்நிகர் கணிப்பொறிகளும் மறக்கப்பட்ட ஃப்ளாப்பியும்

பெரிய கணிப்பொறி நிலையங்களில் இன்று ஒரு முறை எங்கும் பரவியுள்ளது. ஆற்றல் மிக்க கணிப்பொறி ஒன்றை நிறுவி, அதனைப் பத்து, இருபது, சில இடங்களில் நூறு தனித்தனிக் கணிப்பொறிகளைப் போல இயங்கச் செய்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காரியத்துக்கென ஒப்படைக்கின்றனர். ஒன்றில் ஓர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் இருக்கலாம்; அடுத்ததில் ஒரு மருத்துவமனையின் நோயாளர் பதிவேடு இருக்கலாம்; அதற்கும் அடுத்தது யாரோ ஒரு வியாபாரி மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். இவை யாவும் ஒரே இரும்புப் பெட்டிக்குள், ஒரே நினைவகத்தையும் ஒரே செயலியையும் பங்கிட்டுக்கொண்டு இயங்குகின்றன. ஆயினும் ஒன்றினுள் இருப்பவருக்கு மற்றொன்று அங்கே இருப்பதே தெரிவதில்லை. இவ்வாறு ஓர் உண்மைக் கணிப்பொறியினுள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணிப்பொறியை மெய்நிகர் கணிப்பொறி என்று வழங்குகிறோம். அதனைத் தாங்கி நிற்கும் உண்மைக் கணிப்பொறியை இக்கட்டுரையில் தாய்க் கணிப்பொறி என்போம்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. ஒரு மெய்நிகர் கணிப்பொறியினுள் இருப்பவர் தம் எல்லைக்குள் என்ன செய்தாலும், அவ்வெல்லையைத் தாண்டித் தாய்க் கணிப்பொறியினுள்ளோ அண்டையிலுள்ள மெய்நிகர் கணிப்பொறியினுள்ளோ கால் வைக்க இயலாது என்பதே அந்நம்பிக்கை. 2015ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி இந்நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்தது. உலகெங்கும் பல்லாயிரம் நிலையங்களில் இயங்கிவந்த மென்பொருளில், எல்லைச் சுவரைத் துளைத்து வெளியேறக்கூடிய குறை ஒன்று 11 ஆண்டுகளாக இருந்து வந்தது என்ற செய்தி அன்று வெளியாயிற்று. குறை இருந்த இடந்தான் வியப்புக்குரியது. செயலியைப் பங்கிடும் நுட்பமான பகுதியிலும் அஃது இல்லை. நினைவகத்தைப் பிரிக்கும் பகுதியிலும் இல்லை. எவரும் உபயோகிக்காத ஃப்ளாப்பி தட்டு இயக்கியைப் பாவனை செய்யும் ஒரு சிறு நிரலில் இருந்தது.

அக்குறை எவ்வாறு உண்டாயிற்று, சில வரிகளில் அடங்கிய திருத்தம் நிலையங்களை ஏன் அத்துணை தொல்லைக்கு உள்ளாக்கிற்று என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுவோம். கணிப்பொறிகளைப் பராமரிக்கும் ஊழியர்களுக்கும், அவற்றைப் பற்றிப் போதிக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் கவனிக்கத்தக்க செய்திகள் பல உண்டு.

சுவர் எழுந்த வரலாறு

ஒரு கணிப்பொறியைப் பலவாகக் காட்டும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். கம்பெனி நடத்திய விஞ்ஞான நிலையத்தில், 1960களின் நடுப்பகுதியிலேயே சி.பி.-40 என்ற பெயரில் இதற்கான முயற்சி நடைபெற்றது. அதன் வழித்தோன்றலான வி.எம்./370 என்ற முறைமையை அக்கம்பெனி 1972இல் வெளியிட்டது. இத்தகைய பிரிவினைக்கு ஒரு செயலி எவ்வெத் தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பதை 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் என்ற இருவர் கணித முறையில் வரையறுத்துக் காட்டினர்.

பின்னர் மேசைக் கணிப்பொறிகள் பெருகியபோது இவ்வெண்ணம் சில காலம் மங்கிக் கிடந்தது. அவற்றின் செயலிகளுக்கு மேற்கூறிய தகுதிகள் முழுமையாக இல்லாதிருந்தமையும் அதற்கு ஒரு காரணம். 1998இல் தொடங்கப்பெற்ற விஎம்வேர் கம்பெனி இத்தடையை மென்பொருள் தந்திரத்தால் கடந்தது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜென் என்ற முறைமை வெளிவந்தது. அதே ஆண்டில் ஃபிரெஞ்சுக்காரரான ஃபாப்ரிஸ் பெல்லார்டு என்பவர் கியூஇமு என்ற நிரலை வெளியிட்டார். 2005, 2006 ஆண்டுகளில் செயலி உற்பத்தியாளர்களே தம் செயலிகளில் இப்பிரிவினைக்கான வசதியைச் சேர்த்தனர். 2007இல் லினக்ஸ் முறைமையினுள் கேவிஎம் என்ற பகுதி இடம்பெற்றது. நம் நாட்டிலும் மத்திய அரசாங்கம் 2014இல் மேகராஜ் என்ற பெயரில் தன் அலுவலகங்களுக்கான பொதுக் கணிப்பொறி வசதியைத் தொடங்கிற்று. அரசாங்க இலாகா ஒவ்வொன்றும் தனித்தனிக் கணிப்பொறி வாங்காமல், பொது நிலையத்திலுள்ள மெய்நிகர் கணிப்பொறிகளைப் பெற்றுக்கொள்வதே இத்தகைய வசதிகளின் நோக்கம்.

சுவரும் அதன் பலகணிகளும்

மெய்நிகர் கணிப்பொறி ஒன்றினுள் ஓடும் இயக்க முறைமை, தான் ஓர் உண்மையான பெட்டியினுள் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. ஆகவே அது விழித்தெழுந்தவுடன் உண்மைக் கணிப்பொறியில் தேடும் உறுப்புகளையெல்லாம் தேடுகின்றது. தட்டு எங்கே, விசைப்பலகை எங்கே, திரை எங்கே, வலைப்பின்னல் அட்டை எங்கே என்று ஒவ்வொன்றாக விசாரிக்கின்றது. அவற்றை எவ்வகையிலேனும் காட்டியாக வேண்டும். காட்டாவிடில் அது இயங்க மறுக்கும்.

செயலியையும் நினைவகத்தையும் பொறுத்தவரை, பிரிவினை வேலையைப் பெரும்பாலும் செயலியே செய்துவிடுகிறது. ஆனால் உறுப்புகளின் நிலை வேறு. உண்மையில் இல்லாத வலைப்பின்னல் அட்டை ஒன்றை இருப்பதாகக் காட்டுவதற்கு, அந்த அட்டை எக்கேள்விக்கு என்ன விடை தரும், எக்கட்டளைக்கு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையெல்லாம் அறிந்த ஒரு நிரல் வேண்டும். நாடகத்தில் வேடமிட்டவர் அரசனாக நடிப்பதைப் போல, இந்நிரல் அட்டையாக நடிக்கின்றது. இவற்றைப் பாவனை உறுப்புகள் எனலாம். கியூஇமு என்ற நிரலின் பெரும் பயன் இதுவே. கேவிஎம் முறைமை செயலியை மட்டும் பார்த்துக்கொள்ளும். உறுப்புகளைக் கியூஇமு பாவனை செய்து தரும். ஜென் முறைமையின் ஒரு பிரிவும், வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளும் கியூஇமுவிலிருந்து இத்தகைய பகுதிகளை எடுத்துக்கொண்டன.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்க வேண்டும். பாவனை உறுப்பு மெய்நிகர் கணிப்பொறியினுள் இருப்பதன்று. அது சுவருக்கு வெளியே, தாய்க் கணிப்பொறியில் ஓடும் நிரல். ஆனால் உள்ளே இருப்பவர் சொல்லுவதையெல்லாம் கேட்டு, அதற்கேற்ப வேலை செய்வது அதன் கடமை. அஃதாவது, ஒவ்வொரு பாவனை உறுப்பும் சுவரில் வைக்கப்பட்ட ஒரு பலகணி. சுவர் எத்துணை கனமானதாயினும், பலகணிகள் எத்தனை, ஒவ்வொன்றின் தாழ்ப்பாள் எவ்வாறு உள்ளது என்பதைப் பொறுத்தே வீட்டின் காவல் அமையும். சுவரின் கனத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். பலகணிகளை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

ஃப்ளாப்பி அங்கே இருந்த காரணம்

பழைய அலுவலக அலமாரிகளில் சதுரமான பிளாஸ்டிக் தட்டுகள் நிறைந்த பெட்டி ஒன்றை இன்றும் காணக்கூடும். ஐ.பி.எம். கம்பெனி 8 அங்குல ஃப்ளாப்பியை 1971இல் வெளியிட்டது. 1987 முதல் பரவிய 3.5 அங்குலத் தட்டில் 1.44 மெகாபைட் அளவு செய்தியை வைக்க இயன்றது. இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றுகூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. ஜப்பானில் இத்தட்டுகளை விற்றுவந்த சோனி கம்பெனி 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு விற்பனையை நிறுத்திற்று. மேசைக் கணிப்பொறிகளிலிருந்தோ ஃப்ளாப்பி இயக்கி அதற்கு முன்னரே மறைந்துவிட்டது.

அவ்வாறாயின் மெய்நிகர் கணிப்பொறியில் மட்டும் அஃது எதற்கு என்ற கேள்வி எழும். 2004இல் கியூஇமுவினுள் ஃப்ளாப்பி கட்டுப்பாட்டுக் கருவியின் பாவனை சேர்க்கப்பட்டபோது அதற்கு நியாயம் இருந்தது. பழைய இயக்க முறைமைகள் ஃப்ளாப்பியிலிருந்தே எழுந்தன. விண்டோஸ் எக்ஸ்பி முறைமையை நிறுவுகையில், அது அறியாத தட்டுக் கருவிகளுக்கான நிரலை ஃப்ளாப்பி வழியாகவே தர வேண்டியிருந்தது. ஆகவே இன்டெல் கம்பெனியின் 82078 என்ற கட்டுப்பாட்டுச் சில்லைப் போல நடந்துகொள்ளும் நிரல் ஒன்றை எழுதிச் சேர்த்தனர். பிற்காலத்தில் தேவை போயிற்று, நிரல் போகவில்லை. மெய்நிகர் கணிப்பொறி ஒவ்வொன்றும் பிறக்கும்போதே இப்பாவனைக் கருவியுடன் பிறந்தது. ஃப்ளாப்பியே வேண்டாம் என்று நிர்வாகி குறிப்பிட்டாலும், தட்டு நுழையும் வாய்தான் நீங்கிற்றே அன்றி, கட்டளை ஏற்கும் கருவி அங்கேயே நின்றது. இதைப் பலரும் அறியாதிருந்தனர். தம் கணிப்பொறியில் ஃப்ளாப்பியே இல்லை என்று நம்பியவர்களின் கணிப்பொறிகளும் இக்குறைக்கு ஆளாகியிருந்தன.

512 கட்டங்கள்

ஃப்ளாப்பி தட்டில் செய்திகள் 512 பைட்டுகள் கொண்ட சிறு பகுதிகளாக எழுதப்படும். ஆதலின் கட்டுப்பாட்டுக் கருவியைப் பாவனை செய்த நிரலாளர், வரும் கட்டளைகளையும் செய்திகளையும் தற்காலிகமாக வைத்துக்கொள்ள 512 பைட்டுகள் கொண்ட ஓர் இடைக் கிடங்கை அமைத்தார். உள்ளே ஓடும் இயக்க முறைமை ஒரு நேரத்தில் ஒரு பைட்டாக அனுப்பும். அது கிடங்கின் அடுத்த இடத்தில் போய் அமரும்.

வகுப்பில் இதனை விளக்க ஒரு நெற்கிடங்கை உதாரணமாகக் கொள்ளலாம். நீண்ட சுவரோரமாகத் தரையில் கட்டங்கள் வரையப்பட்டுள்ளன. முதல் 512 கட்டங்கள் ஒருவருக்கு உரியவை. அவற்றை அடுத்துள்ளவை வேறொருவருடையவை. நடுவே தடுப்பு ஏதும் இல்லை. மூட்டை சுமந்து வருபவர் கட்டங்களை எண்ணுவதில்லை; கணக்கப்பிள்ளை விரலால் சுட்டிய கட்டத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஒரு மூட்டை இறங்கியதும் கணக்கப்பிள்ளை விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவார். இந்தச் சரக்குக்கு இத்தனை மூட்டை என்பது அவருக்கு முன்னமே தெரியும். அந்த எண்ணிக்கை நிறைவுற்றதும் சரக்கை உள்ளே அனுப்பிவிட்டு, விரலை மீண்டும் முதற்கட்டத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். இவ்வாறு நடக்கும்வரை 512ஆவது கட்டத்தைத் தாண்டுவதற்கு இடமே இல்லை. ஃப்ளாப்பிக் கட்டளைகளில் பெரும்பாலானவை சில பைட்டுகளுக்கு மேற்படா.

கணக்கப்பிள்ளை விரலைத் திருப்பிக்கொணர மறந்த சரக்குகள் இரண்டு இருந்தன. அவ்விரண்டே குறை.

முதலாவது, தட்டின் எப்பகுதி தலைக்கு நேரே உள்ளது என்று அறிந்து சொல்லும்படி கருவியைக் கேட்கும் கட்டளை. உண்மைக் கருவியில் இதற்குச் சிறிது நேரம் ஆகும். தட்டு சுழன்று வர வேண்டுமன்றோ? பாவனை செய்தவர் அத்தாமதத்தையும் விடாமல் பாவனை செய்தார். கட்டளை வந்தவுடன் விடை தராமல், ஒரு விநாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் காத்திருந்து விடை தருமாறு எழுதினார். விரலை முதற்கட்டத்துக்குத் திருப்பும் வேலை அந்தக் காத்திருப்பு முடிந்த பின்னரே நடந்தது. இடைப்பட்ட நேரத்தில் கருவி ‘நான் வேலையாயிருக்கிறேன், இப்போது ஏற்க இயலாது’ என்று அறிவிக்க வேண்டும். அங்ஙனம் அறிவிக்க வேண்டும் என்பதை நிரலாளரும் உணர்ந்திருந்தார். நிரலின் அவ்விடத்திலேயே அப்படியொரு நினைவுக் குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது. குறிப்பு இருந்தது, செயல் இல்லை. அந்த நேரத்துக்குள் மேலும் மேலும் பைட்டுகளை அனுப்பினால் அவை ஒவ்வொன்றும் அடுத்தடுத்த கட்டத்தில் இறங்கின. மனிதனுக்குக் கண்ணிமைக்கும் பொழுதாகிய அந்நேரம், கணிப்பொறிக்கு 512ஐத் தாண்டத் தாராளமானது.

இரண்டாவது, இயக்கியின் தன்மைகளைக் குறிப்பிட்டுச் சொல்லும் கட்டளை. இதில் காத்திருப்புகூட இல்லை. இறுதியாக வரும் பைட்டில் ஒரு குறிப்பிட்ட பிட் 1 ஆக இருந்தால் மட்டுமே விரலைத் திருப்பும் வேலை நடக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அது 0 ஆக இருந்தால் என்ன செய்வது என்பது சரியாக எழுதப்படவில்லை. ஆகவே விரல் திரும்பவே திரும்பாது.

இவற்றோடு இன்னொரு நுண்மையும் சேர்ந்துகொண்டது. எண்ணிக்கை நிறைந்ததா என்று சோதிக்கும் இடத்தில், வந்தவை எதிர்பார்த்த எண்ணுக்குச் சமமா என்று மட்டுமே நிரல் கேட்டது. மிகுதியா என்று கேட்கவில்லை. பத்தாவது மைல்கல்லில் நிறுத்து என்று சொல்லப்பட்ட வண்டிக்காரன், ஏதோ காரணத்தால் அங்கே நிற்காமல் கடந்துவிட்டால், பதினோராவது கல்லில் அது பத்தாவது அன்று என்று சொல்லிக்கொண்டே மேலும் ஓட்டுவானல்லவா? அதுபோலவே நிகழ்ந்தது. சமமா என்று கேட்பதற்கும், சமமோ மிகுதியோ என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு உணர்த்த இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கணக்குப் பாடத்தில் அது ஒரு சிறு குறியின் வேறுபாடு.

தாண்டிய பின் நேர்வது

513ஆவது பைட்டு எங்கே போய் அமரும்? கிடங்கை அடுத்துள்ள நினைவகத்தில் அமரும். அங்கே இருப்பவை அதே கியூஇமு நிரலின் வேறு செய்திகள். அவற்றுள் சில வெறும் எண்கள். சில, நிரல் அடுத்து எங்கே சென்று எவ்வேலையைச் செய்ய வேண்டும் என்று காட்டும் முகவரிகள். கண்மூடித்தனமாக எழுதினால் நிரல் குழம்பி நின்றுவிடும். அந்த மெய்நிகர் கணிப்பொறியும் அதனோடு நின்றுபோகும். கணித்துத் திட்டமிட்டு எழுதுபவர் ஒருவர், முகவரியை மாற்றி, தாம் விரும்பிய கட்டளைகளைத் தாய்க் கணிப்பொறியிலேயே ஓடச் செய்யக்கூடும். அவ்வாறு செய்தவர் அக்கணமே சுவருக்கு வெளியே வந்தவராகிறார். அங்கிருந்து தாய்க் கணிப்பொறியின் ஆட்சியைப் பற்றவும், அதன்மேல் ஓடும் பிற மெய்நிகர் கணிப்பொறிகளின் செய்திகளைப் படிக்கவும் வழி தேடலாம். சம்பளப் பட்டியலும் நோயாளர் பதிவேடும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும்.

இக்குறையைக் கண்டறிந்தவர் ஜேசன் ஜெஃப்னர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். அவர் அப்போது கிரவுடுஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியில் பணிபுரிந்தார். ‘வெனம்’ என்ற பெயரும் அவர்கள் இட்டதே. அச்சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். குறைகளுக்கான பொதுப் பட்டியலில் இது 2015ஆம் ஆண்டின் 3456 என்ற எண்ணைப் பெற்றது. மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, திருத்தம் ஆயத்தமான பின்னரே செய்தியைப் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். அது போற்றத்தக்க ஒழுங்கு. விஎம்வேர், மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஹைப்பர்-வி ஆகியவை இக்குறையால் பாதிக்கப்படவில்லை. அவை கியூஇமுவின் இப்பகுதியைக் கொள்ளவில்லை.

பத்திரிகைகள் சில இதனை, அதற்கு முந்திய ஆண்டில் வெளியான ஹார்ட்பிளீடு என்ற குறையோடு ஒப்பிட்டு, அதனினும் கொடியது என எழுதின. அவ்வொப்பீடு பொருந்தாது என்பது எம் கருத்து. ஹார்ட்பிளீடு குறையை உலகின் எம்மூலையிலிருந்தும், எந்த அனுமதியும் இன்றி, எவரும் அணுக இயன்றது. வெனம் குறையை அணுகுவதற்கு, முதலில் ஒரு மெய்நிகர் கணிப்பொறியினுள் புகுந்து, அங்கே கருவிகளோடு நேரடியாகப் பேசும் அதிகாரத்தைப் பெற்றிருக்க வேண்டும். செய்தி வெளியான வேளையில் இதனை எவரும் தீய நோக்குடன் உபயோகித்ததாகவும் தெரியவரவில்லை.

ஆயினும் அசட்டையாக இருக்கவும் இடமில்லை. தனியார் அலுவலகம் ஒன்றில், தம் ஊழியர் மட்டுமே உபயோகிக்கும் மெய்நிகர் கணிப்பொறிகளில் அந்த அதிகாரம் எளிதில் கிட்டாது. ஆனால் வாடகை நிலையத்தில் நிலைமை தலைகீழ். அங்கே வாடகை கொடுத்தவர் எவராயினும், தம் மெய்நிகர் கணிப்பொறிக்குள் முழு அதிகாரம் படைத்தவராகவே இருக்கிறார். அதற்காகத்தான் அவர் பணம் செலுத்துகிறார். வீட்டின் ஒவ்வோர் அறையையும் வெவ்வேறு குடித்தனக்காரருக்கு விட்ட உரிமையாளருக்கு, நடுச்சுவரின் பலகணி திறந்திருப்பது எத்தகைய செய்தியோ, அத்தகைய செய்தி இது.

திருத்தமும் அதன் தொல்லையும்

திருத்தத்தை எழுதியவர் ரெட் ஹேட் கம்பெனியைச் சேர்ந்த பெட்டர் மட்டௌஷெக். அது சில வரிகளுக்குள் அடங்கியது. விரல் எக்கட்டத்தைச் சுட்டினாலும், அந்த எண்ணை 512ஆல் வகுத்து, மீதியைக் கட்ட எண்ணாகக் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். கட்டங்களை 0 முதல் 511 வரை எண்ணுவதாகக் கொண்டால், 515 என்று வருமிடத்து மீதி 3; ஆகவே பைட்டு 3ஆம் கட்டத்திலேயே விழும். கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டினால் மீண்டும் ஒன்றுக்கே வருவதைப் போல, எத்தனை பைட்டு அனுப்பினாலும் கிடங்கினுள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மறதி எங்கே நேர்ந்தாலும் எல்லை மட்டும் தாண்டப்படாது. விரலைத் திருப்ப மறந்த இரண்டு இடங்களைத் தேடி அடைப்பதினும், மறதி வேறெங்கு இருப்பினும் தீங்கு நேராதபடி எல்லையிலேயே காவல் வைத்தது சிறந்த முறை என்றே சொல்ல வேண்டும்.

உண்மைத் தொல்லை அதன் பின்னரே தொடங்கிற்று. தட்டில் உள்ள நிரலைத் திருத்தினால் போதாது. நிரல் ஓடத் தொடங்கும்போது தட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறுகிறது. ஏறிய பிரதியே தொடர்ந்து ஓடுகின்றது. ஒரு மெய்நிகர் கணிப்பொறி ஆறு மாதங்களுக்கு முன் தொடங்கப்பட்டதாயின், அதனைத் தாங்கும் கியூஇமு பிரதியும் ஆறு மாதப் பழையதே. தட்டில் புதிய நிரல் வந்திருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே திருத்தத்தை நிறுவிவிட்டோம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மெய்நிகர் கணிப்பொறிகளை அப்படியே ஓடவிட்டவர்கள், குறையையும் அப்படியே ஓடவிட்டவர்களாயினர்.

பலர் செய்த இரண்டாவது தவறு இன்னும் நுண்ணியது. உள்ளே ஓடும் இயக்க முறைமையில் மறுதொடக்கம் செய்தால் போதும் என்று எண்ணிவிடுவதே அது. மெய்நிகர் கணிப்பொறியினுள் மறுதொடக்கம் செய்கையில், உள்ளே இருப்பவருக்குத்தான் பெட்டி அணைந்து மீண்டும் எழுவதாகத் தோன்றுகிறது. வெளியே கியூஇமு நிரல் ஒரு கணமும் நிற்பதில்லை. அதே பழைய பிரதியே, அணைந்து எழும் பெட்டியைப் பாவனை செய்து காட்டுகின்றது. நாடகத்தில் அரசன் இறந்து மீண்டும் பிறந்தாலும் வேடமிட்டவர் மாறுவதில்லையல்லவா? ஆகவே மெய்நிகர் கணிப்பொறியை முழுவதுமாக அணைத்து, கியூஇமு நிரலை முடிவுறச் செய்து, பின் புதிதாகத் தொடங்க வேண்டும். அதற்கு இயலாதபோது, திருத்தம் செய்யப்பட்ட வேறொரு தாய்க் கணிப்பொறிக்கு, ஓடும் நிலையிலேயே அதனை மாற்றிவிடலாம். அங்கே புதிய பிரதி அதனை ஏற்றுக்கொள்ளும். இவ்விரு வழிகளே உண்டு.

நிலையங்களில் பணிபுரிவோர் பலர், தம் கணிப்பொறி இத்தனை நூறு நாட்களாக நிற்காமல் ஓடுகின்றது என்று பெருமையுடன் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாட்களின் எண்ணிக்கை, அதனுள் ஓடும் நிரல் எவ்வளவு பழையது என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றது. பழுதுபார்க்கும் பதிவேட்டில் திருத்தம் நிறுவிய தேதியோடு, ஒவ்வொரு மெய்நிகர் கணிப்பொறியும் இறுதியாக முழுவதும் அணைத்துத் தொடங்கப்பட்ட தேதியையும் தனியே எழுதி வைப்பது நலம். இரண்டாவது தேதி முதலாவதற்கு முந்தியிருக்குமாயின், திருத்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பது பொருள்.

பலகணிகளைக் குறைத்தல்

வெனம் குறையை அடைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. அதே ஆண்டில் கியூஇமுவின் குறுந்தகடு இயக்கிப் பாவனையிலும், பழைய வலைப்பின்னல் அட்டைகளின் பாவனையிலும் வேறு குறைகள் வெளியாயின. ஒன்றில் தேடக் கற்றவர்கள் மற்றவற்றிலும் தேடினர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விஎம்வேர் மென்பொருளில் மூன்று குறைகள் அறிவிக்கப்பட்டபோது நிலைமை முன்னையினும் கடுமையாயிருந்தது. அறிவிப்பதற்கு முன்னரே தீயோர் அவற்றை உபயோகித்து வந்தனர் என்பதும் உடன் அறிவிக்கப்பட்டது. சுவர் தாண்டும் வித்தை வெறும் ஆராய்ச்சிச் சாலைப் பொருளாக இருந்த காலம் கடந்துவிட்டது.

இதற்கு எதிராக மேற்கொள்ளப்படும் முறைகள் இரண்டு வகையின. முதல் வகை, பாவனை நிரலையே இன்னொரு சிறு அறையில் அடைப்பது. லினக்ஸ் நிலையங்களில் ஒவ்வொரு கியூஇமு பிரதியும் தனக்குரிய கோப்புகளைத் தவிர வேறொன்றையும் தொடாதவாறு கட்டுப்படுத்த வசதி உண்டு. ஜென் முறைமையில், உறுப்புகளைப் பாவனை செய்யும் பகுதியைத் தனியொரு மெய்நிகர் கணிப்பொறியினுள்ளேயே வைக்கும் ஏற்பாடும் உண்டு. இவ்வாறு அமைத்தவர்களின் நிலையங்களில், வெனம் வழியாக ஒருவர் வெளியேறினாலும் அவர் வந்து சேர்வது மற்றோர் அடைத்த அறைக்கே. வீட்டுக்குள் தாழ்வாரம் வைத்து, அதற்கும் ஒரு கதவு வைத்ததைப் போன்றது இது.

இரண்டாவது வகை, வேண்டாத பலகணிகளை வைக்காமலே விடுவது. அமேசான் கம்பெனி 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருளில் பாவனை உறுப்புகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்றான விசைப்பலகைக் கருவியும் மெய்நிகர் கணிப்பொறியை அணைப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஃப்ளாப்பி இல்லை; குறுந்தகடு இல்லை; திரையும் இல்லை. அன்றியும் அது ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் 512 கட்டங்கள் கொண்ட கிடங்கின் 513ஆவது கட்டத்தில் எழுத முயன்றால், நிரல் எழுதாமல் நின்றுவிடும். இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்பின், பலகணியைக் குறைப்பதே என்போம். இல்லாத கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டியதில்லை. ஆனால் பழைய இயக்க முறைமைகளை ஓட்ட வேண்டியவர்களுக்கு இவ்வழி உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்கு நிரல்களை இன்றும் நம்பியிருக்கும் அலுவலகங்கள் குறைவல்ல. அவை தேடும் பழைய உறுப்புகளை யாரேனும் பாவனை செய்துதான் ஆகவேண்டும்.

கியூஇமுவும் இத்திசையில் சிறிது நகர்ந்துள்ளது. அம்மென்பொருள் பாவனை செய்யும் மேசைக் கணிப்பொறி மாதிரிகள் இரண்டு. ஒன்று 1990களின் பெட்டியைப் பின்பற்றிய 440எஃப்எக்ஸ் மாதிரி. மற்றது அதற்குப் பிற்பட்ட கியூ35 மாதிரி. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த 2.4ஆம் பதிப்பு முதல், கியூ35 மாதிரியில் கேட்டாலன்றி ஃப்ளாப்பிக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டாக்கப்படுவதில்லை. தம் பொறுப்பிலுள்ள மெய்நிகர் கணிப்பொறி எம்மாதிரியைச் சேர்ந்தது என்பதை ஊழியர் ஒருவர் அதன் அமைப்புக் கோப்பில் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். விண்டோஸ் ஓடும் மெய்நிகர் கணிப்பொறியாயின், உள்ளே கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாலே போதும்: ஃப்ளாப்பிக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற வரி அங்கே இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.